ஜார்ஜ் டவுனில் மூன்று இரவுகள்: வாடகைக்கு வந்தவர்களின் ஊர்!

"அந்த மாடி ஜன்னல் தெரியுதா பாப்பா... பச்சைக் கதவு போட்டது? அங்கதான் இருபத்தாறு வருஷம் குடியிருந்தோம்."

தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமல், தலையை மட்டும் தூக்கிக் காட்டினார் அந்தப் பெரியவர். நானும் நிமிர்ந்து பார்த்தேன். பச்சைக் கதவு புதிதாக பெயின்ட் அடிக்கப்பட்டுப் பளபளத்தது. ஜன்னலுக்குக் கீழே ஒரு ஹோட்டலின் பெயர்ப்பலகை. அதற்கு மூன்று கதவு தள்ளி, அதே வரிசையில், அதேபோன்ற பச்சை ஜன்னல் வைத்த மாடி அறையில்தான் நான் மூன்று இரவுகள் தங்கியிருந்தேன். "எவ்வளவு அழகா பராமரிக்கிறாங்க!" என்று முந்தின நாள்தான் அந்த ஜன்னலை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தேன்.

பினாங்கு போகிற எல்லோரும் பார்ப்பதைத்தான் நானும் பார்த்தேன். ஆனால், அந்தப் பெரியவரிடம் பேசிய அரை மணி நேரம், சென்னை மண்ணடியில் இருக்கும் எங்கள் பழைய வீட்டு விஷயத்தில் என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

படகில் போனால்தான் பினாங்கு!

பினாங்குக்கு விமானத்திலேயே போய் இறங்கலாம். ஆனால், நேரம் இருந்தால் கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த் வரை போய், அங்கிருந்து ஃபெர்ரி பிடியுங்கள். ரயிலில் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். ஃபெர்ரியில் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால், ஒரு தீவு மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே வருவதைப் பார்ப்பது தனி சுகம். முதலில் மலை தெரியும். அதை நம் மக்கள் 'கொடிமலை' என்கிறார்கள். அப்புறம் உயரமான கட்டடங்கள். கடைசியில்தான் கரையோரம் சிவப்பு ஓடு போட்ட பழைய ஊர் தெரிகிறது. அதுதான் ஜார்ஜ் டவுன்.

'பினாங்' என்றால் மலாய் மொழியில் பாக்கு. பாக்கு மரத்தீவு. 1786-ல் கிழக்கிந்திய கம்பெனிக்காக ஃப்ரான்சிஸ் லைட் என்பவர் இங்கே வந்து இறங்கினார். தீவுக்கு இளவரசர் பெயரையும், ஊருக்கு மன்னர் மூன்றாம் ஜார்ஜ் பெயரையும் வைத்தார். காட்டை வெட்ட ஆட்கள் சுணங்கியபோது, பீரங்கியில் வெள்ளிக்காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டாராம். காசைத் தேடியே ஜனங்கள் காட்டை அழித்துவிட்டார்களாம். இது உள்ளூரில் எல்லோரும் சொல்லும் கதை.

எங்கள் வீடும் ஒரு ஜார்ஜ் டவுனில்தான் இருக்கிறது. மண்ணடி, பாரிமுனை, சௌகார்பேட்டை எல்லாம் சேர்ந்த பகுதிக்கு வெள்ளைக்காரர்கள் முதலில் வைத்த பெயர் 'கறுப்பர் நகரம்'. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் பெயரால் அது ஜார்ஜ் டவுன் ஆனது. இரண்டுமே கம்பெனிக்காரன் கோட்டை கட்ட, அதைச் சுற்றி வியாபாரிகளும் கூலிகளும் வந்து குடியேறிய ஊர்கள். அதனாலோ என்னவோ, லெபு சூலியா தெருவில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தபோது வெளிநாட்டில் இருப்பதாகவே தோன்றவில்லை. சாம்பிராணி வாசம், டீக்கடை இரைச்சல், எங்கிருந்தோ இளையராஜா பாட்டு!

வாடகைதாரர் வீட்டைப் பிடித்த கதை

மறுநாள் காலை முதலில் போனது கார்ன்வாலிஸ் கோட்டை. நட்சத்திர வடிவில் செங்கல் மதில். ஒரு போரைக்கூடப் பார்க்காத கோட்டை இது. உள்ளே ஃப்ரான்சிஸ் லைட்டின் சிலை. அவருடைய படம் எதுவும் கிடைக்காததால், மகன் வில்லியம் லைட்டின் முகச்சாயலைப் பார்த்துச் செய்தார்கள் என்கிறார்கள். அந்த மகன்தான் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தை வடிவமைத்தவர்.

இந்தத் தீவு கம்பெனிக்குக் கிடைத்த விதம் சுவாரஸ்யமானது. இது கெடா சுல்தானுக்குச் சொந்தமான தீவு. சயாமிலிருந்து ஆபத்து வந்தால் ஆங்கிலேயர்கள் படை அனுப்பிக் காப்பாற்றுவார்கள் என்ற எதிர்பார்ப்பில்தான் சுல்தான் தீவைக் கொடுக்கச் சம்மதித்தார். வந்து கொடியேற்றியவர்கள், பாதுகாப்பு தருவதாக உறுதி கொடுக்கவே இல்லை. கோபமான சுல்தான் 1791-ல் தீவை மீட்கப் படை திரட்டினார். தோற்றார். கடைசியில், ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் தருவதாக ஒப்பந்தம் போட்டார்கள். குடிவந்தவரே வீட்டைப் பிடித்துக்கொண்டு, வாடகையையும் அவரே நிர்ணயித்த கதை இது!

நம் வரலாற்றோடும் இந்தத் தீவுக்கு ஒரு வலி மிகுந்த தொடர்பு உண்டு. 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களை கம்பெனி அரசு நாடு கடத்தியது. கப்பல் வந்து சேர்ந்தது இந்தப் பினாங்குக்குத்தான். துரைசாமிக்கு அப்போது வயது சுமார் 15. சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றுக்கொண்டவர் கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி. பல ஆண்டுகள் கழித்துப் பினாங்கு வந்த அவர், உருக்குலைந்து போயிருந்த ஒருவரைச் சந்தித்ததையும், அவர்தான் துரைசாமி என்று தெரிந்து கலங்கியதையும் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

கோட்டை மதில்மேல் நின்று கடலைப் பார்த்தேன். வெள்ளை நிறத்தில் சொகுசுக் கப்பல் ஒன்று நின்றது. பக்கத்தில் ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பையன் இந்தக் கரையில் எந்த இடத்தில் இறங்கியிருப்பான் என்று நினைத்தபோது, கொஞ்ச நேரம் போனை எடுக்கவே தோன்றவில்லை.

ஒரே தெருவில் நான்கு சாமி

கோட்டையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818-ல் கட்டி முடிக்கப்பட்டது. வெள்ளைத் தூண்களோடு கம்பீரமாக நிற்கும் இதைக் கட்டியவர்கள், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அங்கிருந்து தெற்கே நடந்தால் சீனர்களின் குவான் யின் கோயில். ஊதுபத்திப் புகையில் கண் எரியும். இன்னும் கொஞ்சம் நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801-ல் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் மொஹிதீன் தொடங்கியது. பக்கத்துத் தெருவான லெபு குயினில் 1833-ல் கட்டப்பட்ட மகாமாரியம்மன் கோயில்.

கோயிலுக்குள் போனேன். "பூசை முடிஞ்சு பிரசாதம் தருவாங்க, இருங்க" என்று ஓர் அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார். அடுத்து அவர் கேட்ட கேள்வி, "பசியாறிட்டீங்களா?" நம்மூரில் கிட்டத்தட்ட மறந்துபோன சொல். இங்கே காலைச் சாப்பாட்டுக்கே 'பசியாறுதல்' என்றுதான் பெயர். அதேபோல ரிங்கிட்டை யாரும் ரிங்கிட் என்று சொல்வதில்லை. 'வெள்ளி'தான். "அஞ்சு வெள்ளி குடுங்க" என்று கடைக்காரர் கேட்டபோது, ஒரு நொடி சரித்திர நாவலுக்குள் போய்விட்டு வந்தேன்.

சூலியா தெருவில் நாகூர் தர்காவும் இருக்கிறது. நாகூர் ஆண்டவர் பெயரால் இங்கே குடிவந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. ஊரை விட்டு வந்தவர்கள் ஊரின் சாமியையும் அவுலியாவையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

சாப்பாட்டைச் சொல்லாமல் பினாங்கு கட்டுரையை முடித்தால் பாவம் வந்து சேரும். நாசி கண்டார் என்பது தமிழ் முஸ்லிம்கள் இந்த ஊருக்குக் கொடுத்த சாப்பாடு. 'நாசி' என்றால் சோறு; 'கண்டார்' என்பது தோளில் வைத்துச் சுமக்கும் கம்பு. காவடிபோல இரண்டு பக்கமும் சோற்றுக் கூடையும் குழம்புப் பானையும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். இப்போது கம்பு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. "பஞ்சிர்" என்று சொல்லுங்கள். வெள்ளம் என்று அர்த்தம். நாலைந்து குழம்பையும் கலந்து சோற்றை மூழ்கடித்துத் தருவார்கள். மீன் குழம்பும் கோழிக் குழம்பும் ஒரே தட்டிலா என்று முகம் சுளித்த நான், இரண்டாவது முறையும் போய்ச் சாப்பிட்டேன்!

அஞ்சடியில் ஒரு தையல் மெஷின்

2008 ஜூலையில் மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இடம்பெறச் செய்தது. அதற்கு முக்கியக் காரணம், இங்கே தெருத்தெருவாக நிற்கும் கடைவீடுகள். கீழே கடை, மேலே வீடு. முன்பக்கம் குறுகலாக இருக்கும். உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் வெயிலும் மழையும் விழுகிற முற்றம். காரைக்குடிப் பக்கத்து ஆட்களுக்குப் பார்த்ததுமே பிடித்துவிடும். வாசலில் வெயில்படாமல் நடந்து போக மேற்கூரை போட்ட நடைபாதை. அகலம் ஐந்தடி என்பதால், தமிழர்கள் வாயில் அது 'அஞ்சடி'.

அந்த அஞ்சடியில்தான் பெரியவர் உட்கார்ந்திருந்தார். என் பையின் ஜிப் பிய்ந்துவிட்டது. தைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். "எந்த ஊரு பாப்பா... மெட்ராஸா?" என்றார். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவராம். இவர் பிறந்ததே பினாங்கில்தான். வயது எழுபதைத் தாண்டியிருக்கும்.

"கல்யாணம் கட்டின புதுசுல அந்த மாடிக்குக் குடிவந்தோம். மாசம் நாப்பது வெள்ளி வாடகை. பழைய வீட்டுக்கெல்லாம் வாடகையை ஏத்தக் கூடாதுன்னு சட்டம் இருந்துச்சு. ரெண்டு பொண்ணு, ஒரு பையன், மூணு பேரும் அங்கதான் வளர்ந்தாங்க. கீழ சீனர் ஒருத்தர் மருந்துக்கடை. பக்கத்துல மலாய்க்காரங்க. தீபாவளிக்கு முறுக்கு போகும், பெருநாளுக்குக் கேதுபாட் வரும்."

"அப்புறம் ஏன் காலி பண்ணீங்க?"

"சட்டத்தை எடுத்துட்டாங்கல்ல. ரெண்டாயிரம் வருஷம் பொறந்தது. நானூறு வெள்ளி கேட்டாரு. நான் சட்டை தைக்கிறவன். எங்க போறது? அக்கரையில ஒரு ஃபிளாட்டுக்குப் போயிட்டோம். இப்பவும் காலையில ஃபெர்ரி ஏறித்தான் வர்றேன்."

அவர் சொன்ன சட்டம், போருக்குப் பிறகு வீடு கிடைக்காமல் மக்கள் தவித்த காலத்தில் வேர்விட்டது. 1948-க்கு முன்பு கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை உயர்த்தவோ, குடியிருப்பவர்களை நினைத்தபோது வெளியேற்றவோ முடியாதபடி, 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காவல் காத்தது. 1997-ல் அதை நீக்க முடிவெடுத்து, இரண்டு ஆண்டுக்கு மேல் அவகாசம் கொடுத்தார்கள். 1999 டிசம்பர் 31-ம் தேதியோடு பாதுகாப்பு முடிந்தது. பழைய ஊர் முழுக்க இப்படிப்பட்ட வீடுகள்தான் என்பதால், புத்தாண்டு பிறந்ததும் குடும்பம் குடும்பமாகக் காலி செய்தார்கள். ஆள் போன வீடுகள் சிலவற்றில் கூடு எடுப்பதற்காக உழவாரக் குருவிகளை வளர்த்தார்கள். யுனெஸ்கோ அங்கீகாரம் வந்ததும் ஹோட்டல்களும் கஃபேக்களும் வந்தன. 2012-ல் லித்துவேனியா ஓவியர் எர்னஸ்ட் ஸாகரேவிச் சுவர்களில் ஓவியம் தீட்டினார். ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் இரண்டு குழந்தைகள் ஓவியத்தின் முன்னால் போட்டோ எடுக்க இப்போதும் வரிசை நிற்கிறது. நானும் நின்றேன்!

நான் சட்டென்று கேட்டுவிட்டேன். "வீட்டுக்காரர் மேல கோபம் இல்லையா ஐயா?"

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரித்தார். "அவரும் பாவம்தான் பாப்பா. நாப்பது வெள்ளியில ஓடு மாத்த முடியுமா? மழை பேஞ்சா நாலு இடத்துல ஒழுகும். நாங்க சட்டியை வைப்போம். அவர் வந்து பார்த்துட்டு ஒண்ணும் பேசாமப் போவாரு. அவருக்கும் பிள்ளைங்க இருந்தாங்க. ஏத்துனதுகூடத் தப்பில்ல. ஒரு வார்த்தை முன்னாடியே கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசியிருக்கலாம். லாயர் லெட்டர்தான் வந்துச்சு. அதுதான் மனசுல நிக்குது."

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு விநோதம் இருக்கிறது. வாடகை ஏறாததால், வீட்டுக்காரர்களுக்கு இந்த வீடுகளைப் பழுது பார்க்க வழியில்லை. குடியிருந்தவர்களைக் கிளப்ப முடியாததால், இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டவும் முடியவில்லை. மற்ற ஊர்களில் பழைய தெருக்கள் மறைந்துகொண்டிருந்தபோது, இந்த ஊர் அப்படியே நின்றதற்கு சட்டி வைத்து மழைநீர் பிடித்த இவர்களும் ஒரு காரணம். ஊர் பிழைத்தது. ஊரைப் பிழைக்க வைத்தவர்களில் பலர் இப்போது ஊரில் இல்லை.

மாலையில் கடல்மேல் மரக்கால்கள் நட்டு சீனக் குடும்பங்கள் வாழும் சியூ ஜெட்டிக்குப் போனேன். குலத்துக்கு ஒரு துறையாக வரிசையாக இருந்தவை இவை. இரண்டு துறைகளை 2006-ல் இடித்துவிட்டார்கள். மிச்சமிருப்பவை இப்போது பாரம்பர்யப் பட்டியலுக்குள் பாதுகாப்பாக இருக்கின்றன. பலகைப் பாதையில் நடக்கும்போது இரண்டு பக்கமும் வீடுகள். சில கதவுகளில் 'போட்டோ எடுக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு பாட்டி டி.வி பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மண்ணடி வீடு

இனி எங்கள் வீட்டுக் கதை. தாத்தா வாங்கிய வீடு அது. அப்பா, பெரியப்பா, அத்தை மூன்று பேருக்கும் பங்கு. முன்பக்கக் கடையில் ஒரு பெரியவர் பைண்டிங் தொழில் செய்கிறார். நாற்பது வருடத்துக்கு மேல் வாடகைக்கு இருக்கிறார். என் பள்ளிக்கூட அட்லஸ் கிழிந்தபோது, காலிகோ துணி ஒட்டி பைண்ட் செய்து கொடுத்தவர் அவர்தான். எனக்கு அவர் 'பைண்டிங் தாத்தா'.

நான் பினாங்கு கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வீட்டை விற்பது பற்றி எல்லோரும் கூடிப் பேசினார்கள். புரமோட்டர் நல்ல விலை சொல்கிறார். கடையைக் காலி செய்து தரவேண்டும் என்பதுதான் நிபந்தனை. 'அவர் கொடுக்கிற வாடகை கரன்ட் பில்லுக்குக்கூடக் காணாது' என்றார் பெரியப்பா. அது உண்மைதான். அத்தைக்கு மகள் கல்யாணக் கடன் இருக்கிறது. அதுவும் உண்மைதான். 1960-ம் ஆண்டு வாடகைச் சட்டம் போய், தமிழ்நாட்டில் 2019-ல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், "வக்கீல் நோட்டீஸ் விட்டால் முடிந்தது" என்று முடிவானது. போனில் நோட்டீஸ் வாசகத்தை டைப் செய்து கொடுத்தது நான்தான். பத்திரிகையில் வேலை பார்க்கிறவள் ஆயிற்றே!

மூன்றாவது நாள் இரவு, அந்தப் பச்சை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவுக்கு போன் செய்தேன்.

"அப்பா, நோட்டீஸ் போயிடுச்சா?"

"இல்லம்மா, திங்கக்கிழமைதான். ஏன்?"

தையல்காரப் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "வீட்டை விக்காம இருக்க முடியாதும்மா. அத்தை நிலைமை உனக்குத் தெரியும்ல" என்றார்.

"விக்க வேணாம்னு சொல்லலைப்பா. லெட்டர் போறதுக்கு முன்னாடி அவரைக் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசலாமே."

"சரி, நீ வா" என்று வைத்துவிட்டார்.

கிளம்பும் நாள் காலை, பையை வாங்கப் போனேன். ஜிப் மட்டுமல்ல, பிரிந்திருந்த ஓரத்தையும் தைத்து வைத்திருந்தார். இரண்டு வெள்ளி மட்டும் வாங்கிக்கொண்டார். "அடுத்த தடவை வந்தா தண்ணிமலை முருகனைப் பார்த்துட்டுப் போ. ஐந்நூறு படிக்கு மேல இருக்கு, இப்பவே பழகிக்க" என்று சிரித்தார். நேரமின்மையால் நான் தவறவிட்ட இடம் அது. தைப்பூசத்துக்கு வெள்ளித் தேரும் தங்கத் தேரும் அங்கேதான் போகின்றன.

நீங்கள் போவதாக இருந்தால்...

இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா செல்லும் சலுகை 2023 டிசம்பரில் தொடங்கியது. டிக்கெட் போடும் முன் சலுகை தொடர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பழைய நகரத்தைச் சுற்றிவர இலவசப் பேருந்து ஓடுகிறது. ஆனால், காலை பத்து மணிக்குள்ளும் மாலை ஐந்து மணிக்கு மேலும் நடந்து பார்ப்பதே நல்லது. நடுப்பகல் வெயில் நம்மூர் வெயிலுக்குத் தம்பி. கொடிமலைக்கு 1923-லிருந்து இழுவை ரயில் ஓடுகிறது. மழை எப்போது வேண்டுமானாலும் வரும். குடை மறந்தாலும் அஞ்சடி காப்பாற்றும்.

முடிந்தால், அஞ்சடியில் தொழில் செய்கிறவர்களிடம் ஏதாவது தைக்கவோ, பூ வாங்கவோ, ஒரு தே தாரே குடிக்கவோ செய்யுங்கள். பேச ஆரம்பித்தால் ஊர் தானாகத் திறந்துகொள்ளும்.

பினாங்கு ஜாதிக்காய்க்குப் பேர்போனது. வீட்டுக்கு ஜாதிக்காய் ஊறல் வாங்கினேன். கூடவே ஒரு பாட்டில் ஜாதிக்காய்த் தைலம். மூட்டு வலிக்கு நல்லது என்றார்கள். வந்த மறுநாள் பைண்டிங் தாத்தாவிடம் அதைக் கொடுத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "காட்டமா இருக்கே! எங்க போயிட்டு வந்தே?" என்று கேட்டார். 'இன்னொரு ஜார்ஜ் டவுனுக்கு' என்றேன்.

நோட்டீஸ் இன்னும் போகவில்லை. விலையும் இன்னும் முடிவாகவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் எல்லோரும் பேசுகிறோம். இந்த முறை அவரையும் வரச் சொல்லியிருக்கிறார் அப்பா.